வானக் கப்பலில் நமக்கும் ஒரு பங்கு

கொடைக்கானலுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளில் பெரும்பாலோர் வத்தலக்குண்டைப் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பார்கள். மலை ஏறுவதற்கு முன் ஒரு வாய் காப்பி சாப்பிடத் தகுந்த இடம் என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி அவர்கள் அதிகமாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் தமிழ் நாட்டின் சரித்திரத்தைச் சற்றேனும் புரட்டிப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரின் ஊர் அது. பிற்காலத்தில் பி. எஸ். ராமையாவும் சி. சு. செல்லப்பாவும் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, 1884-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் அது.

சிவம் தூத்துக்குடிக்குச் சென்று ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சேர்ந்து கொண்டதும், கடற்கரைக் கூட்டங்களில் இடி முழக்கம் போல் பேசியதும், 1908-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இருவரும் கைதானதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. அந்தக் கதையில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. இன்றைக்கு நமக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தான்.

1906-ம் வருஷம் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பெரிய வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் பங்குகளை வாங்கினார்கள் என்பது உண்மையே. ஆயினும், பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததற்கு ஒரு கருத்து உண்டு. நடுத்தரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் காசு சேர்த்தால், "இந்தக் கப்பல் என்னுடையது" என்று சொல்லிக் கொள்ளலாம். சர்க்கார் கப்பல் அன்று அது, தனியார் கப்பல். என்றாலும் பொது ஜனங்களின் கப்பலாக இருந்தது.

அன்று கடல், இன்று வானம்

அதே தூத்துக்குடி ஜில்லாவில், திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் இருக்கிறது. தசராத் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரில், 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி நமது தேசத்தின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட் விடுவதென்றால் இடையில் இலங்கை குறுக்கிடுகிறது. அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். சிறிய ராக்கெட்டுக்கோ அது பெரிய நஷ்டம். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே இருப்பது வெறும் சமுத்திரம். ஆகையால்தான் சின்னஞ்சிறு ராக்கெட்டுகளுக்கு ஏற்ற இடமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்தச் சிறு ராக்கெட்டுகளைச் சர்க்கார் மட்டும் விடப் போவதில்லை என்பதே விசேஷம். 1963-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது முதல் சுமார் அறுபது வருஷ காலம் இந்த வேலை முழுவதும் சர்க்கார் கையிலேயே இருந்து வந்தது. 2020-ம் வருஷத்தில் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. அனுமதி அளிக்கவும் உதவி செய்யவும் 'இன்-ஸ்பேஸ்' என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 2023-ல் இதற்கென்று ஒரு கொள்கையும் வெளியாயிற்று.

கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர்கள் வாலிபர்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த 'ஸ்கைரூட்' கம்பெனி 2022-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி விட்ட 'விக்ரம்-எஸ்' 89.5 கிலோ மீட்டர் உயரம் எழும்பி, விண்வெளியின் வாசற்படியைத் தொட்டது. தனியார் ஒருவர் நமது தேசத்திலிருந்து விட்ட முதல் ராக்கெட் அதுவே. அடுத்த பெருமை சென்னைக்குச் சேர்ந்தது. கிண்டி ஐ. ஐ. டி. யில் முளைத்த 'அக்னிகுல்' கம்பெனியார், 2024-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி காலையில், ஸ்ரீஹரிகோட்டாவில் தாங்களே கட்டிய தளத்திலிருந்து தங்கள் ராக்கெட்டை விட்டார்கள். அதன் எஞ்சின் துண்டு துண்டாகச் செய்து இணைக்கப்பட்டதன்று. முப்பரிமாண அச்சு யந்திரத்தில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. நான்கு தடவை நாள் குறித்து நான்கு தடவையும் நிறுத்தி, ஐந்தாம் தடவை வெற்றி பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நாலு தடவை தவறி விட்டதே!" என்று அவர்கள் மூலையில் உட்கார்ந்திருந்தால் இந்த வரியை எழுத நேர்ந்திராது.

இதெல்லாம் சந்தோஷமான சமாசாரம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. வானம் தனியாருக்குத் திறந்து விட்டது. "தனியார்" என்றால் யார்? சில கம்பெனிகளும் அவற்றில் பணம் போட்ட சில முதலாளிகளும் மட்டுந்தானா? அல்லது வத்தலக்குண்டிலும் நிலக்கோட்டையிலும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் அதில் சேர்ந்தவர்களா?

திருமங்கலத்துச் சிறுமிகள்

சேர்ந்தவர்களே என்று காட்டும் உதாரணங்கள் தமிழ் நாட்டில் உண்டு. 2009-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி சென்னை அண்ணா சர்வகலாசாலையின் 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' வானில் ஏறியது. இந்திய சர்வகலாசாலை ஒன்றில் உருவான முதல் செயற்கைக்கோள் அது. பின்னர் காட்டாங்கொளத்தூர் மாணவர்களின் செயற்கைக்கோள் 2011-லும், கன்னியாகுமரி ஜில்லாவின் நூருல் இஸ்லாம் சர்வகலாசாலையாருடையது 2017-லும் சென்றன.

காலேஜ் மாணவர்களுக்கு முடிந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு முடியுமா? சென்னையிலுள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' என்ற ஸ்தாபனமும் அதன் தலைவி ஸ்ரீமதி கேசன் அவர்களும் முடியும் என்று காட்ட முன்வந்தார்கள். 2017-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி, பள்ளப்பட்டி மாணவர் ரிஃபாத் ஷாரூக்கும் அவருடைய நண்பர்களும் செய்த 'கலாம்சாட்' என்னும் 64 கிராம் கருவி அமெரிக்க ராக்கெட்டில் மேலே போய் வந்தது. 2019-ல் அதன் அடுத்த உருவம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே சென்றது. பிறகு சுதந்திரத்தின் 75-வது ஆண்டுக்கு அவர்கள் ஒரு பெரிய யோசனை செய்தார்கள். தேசமெங்கும் 75 பள்ளிகள். பள்ளிக்குப் பத்துப் பேராக 750 மாணவியர். எல்லோரும் பெண் குழந்தைகள். ஒவ்வொரு பள்ளியும் தன் பங்குக்குச் சிறு கருவி ஒன்றைத் தயார் செய்ய, அவை யாவும் சேர்ந்து 'ஆஸாதிசாட்' என்ற 8 கிலோ செயற்கைக்கோள் ஆயிற்று. மதுரை ஜில்லா திருமங்கலம் அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் மாணவியர் பத்துப் பேரும் அதில் கலந்து கொண்டார்கள்.

2022-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி அந்தச் செயற்கைக்கோள், சர்க்காரின் புதிய சிறு ராக்கெட்டில் கிளம்பியது. ராக்கெட் எழும்பியது என்னவோ அழகாகத்தான் எழும்பியது. ஆனால் செயற்கைக்கோள் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேரவில்லை. 356 கிலோ மீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 356, மறு பக்கம் 76 என்று கோணலாகச் சுற்றத் தொடங்கியது. 76 கிலோ மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியதாக இருந்தாலும், விநாடிக்கு ஏழெட்டுக் கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பொருளை இழுத்துப் பிடிக்க அது போதும். குழந்தைகள் செய்த செயற்கைக்கோள் நிலைக்காமல் போயிற்று.

ராக்கெட்டின் இரண்டாம் பகுதி பிரிந்தபோது உண்டான அதிர்ச்சியினால் அதிலிருந்த உணர்கருவிகள் சற்று நேரம் குழம்பியதும், அதைக் கண்ட கம்ப்யூட்டர் அவற்றை நம்பாமல் வேறு வழியில் இறங்கியதுமே தவறுக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தக் குழந்தைகள் மீது ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் மாதக் கணக்கில் உழைத்த வேலை ஒரே நாளில் போய்விட்டால் பெரியவர்களுக்கே மனம் உடைந்துவிடும். இந்த இடத்தில்தான் காரியத்தின் மேன்மை விளங்கிற்று. மறுபடியும் செய்தார்கள். 2023-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, 8.7 கிலோ எடையுள்ள இரண்டாவது 'ஆஸாதிசாட்' 450 கிலோ மீட்டர் உயரத்தில் ஒழுங்காகப் போய் நின்றது.

நாமறிந்தவரையில், பரீட்சையில் தவறிய குழந்தையைத் திட்டுவதற்கு நமது வீடுகளில் ஆள் பஞ்சம் கிடையாது. தவறியது ஏன் என்று உட்கார்ந்து ஆராய்ந்து, ஆறு மாதத்தில் அதையே திரும்பச் செய்யக் கற்பிக்கும் பாடம் மட்டும் அருமையாயிருக்கிறது. விண்வெளி வேலையில் குழந்தைகளைச் சேர்ப்பதனால் வரும் முதல் லாபம் அந்தப் பாடமே.

வேடிக்கையும் வேலையும்

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நேயர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். விண்வெளி என்றால் இப்போது ஒரு மோகம். பள்ளிப் பிள்ளைகளை ராக்கெட்டோடு நிற்க வைத்துப் படம் எடுப்பது சுலபம். பத்திரிகையில் போடுவதும் சுலபம். அதற்காகக் கட்டணம் வாங்கும் வகுப்புகளும் உண்டு. மேலே போகும் ஒவ்வொரு பெட்டியையும் "செயற்கைக்கோள்" என்று சொல்லிவிடுகிறார்கள். பூமியைச் சுற்றி வருவதே செயற்கைக்கோள். அதற்குச் சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தரம் உலகத்தை வலம் வரும் வேகம் வேண்டும். மேலே போய்ச் சில நிமிஷங்களில் கீழே இறங்கிவிடும் கருவியும் நல்ல கருவியே. அதனாலும் எத்தனையோ கற்றுக் கொள்ளலாம். ஆனால் மாங்காயை மாம்பழம் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாகாது. விஞ்ஞானத்தில் முதல் பாடம் உண்மை பேசுவது.

ஆகையால், பிள்ளையை இப்படிப்பட்ட காரியத்தில் சேர்க்குமுன் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கருவியில் என் குழந்தை தன் கையால் செய்வது எது? அந்தக் கருவி எதை அளக்கப் போகிறது? அளந்த கணக்கு திரும்பிக் குழந்தையின் நோட்டுப் புத்தகத்துக்கு வருமா? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் அது வேலை. கிடைக்காவிட்டால் வேடிக்கை. வேடிக்கைக்குப் பணம் செலவழிக்க விருப்பமுள்ளவர்கள் தாராளமாகச் செலவழிக்கலாம். படிப்பு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

தக்காளி விதை சொன்ன பாடம்

பொது ஜனங்களை இந்த வேலையில் சேர்ப்பதற்கு ராக்கெட்டைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. 1984-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்க சர்க்கார் வானில் விட்ட ஒரு பெரிய பரிசோதனைக் கூண்டில், அந்நாட்டு விதைக் கம்பெனி ஒன்றின் 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகள் இருந்தன. 1990-ம் வருஷம் ஜனவரியில் கூண்டு பூமிக்குக் கொண்டு வரப்பட்டது. அந்த விதைகளை ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் அறைக்குள் வைத்துப் பூட்டிக் கொள்ளவில்லை. பூமியிலேயே இருந்த விதைகளோடு சேர்த்து, பொட்டலம் பொட்டலமாகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். லட்சக்கணக்கான குழந்தைகள் இரண்டு வகையையும் விதைத்து, எது முன்னால் முளைத்தது, எது உயரமாக வளர்ந்தது என்று எண்ணி எழுதி அனுப்பினார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை. ஆனால் "வித்தியாசம் இல்லை" என்பதைக் கண்டு சொன்னவர்கள் குழந்தைகள்! அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான்.

நமது தேசத்தவரான சுபான்ஷு சுக்லா, 2025-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி ஓர் அமெரிக்கத் தனியார் கம்பெனி ஏற்பாடு செய்த பிரயாணத்தில் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது என்ன எடுத்துப் போனார் தெரியுமா? மற்றவற்றோடு, பச்சைப் பயறும் வெந்தயமும்! அங்கே அவை எப்படி முளைகட்டுகின்றன என்று பார்ப்பது, தார்வார் விவசாய சர்வகலாசாலையாரின் பரிசோதனை. ஈரத் துணியில் பயறு கட்டி வைக்கத் தெரியாத தாய்மார் நம்மில் யார்? அங்கே எடையற்ற நிலையில் முளைத்ததை இங்கே அடுப்படியில் முளைத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம், ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்கு விளைவித்து அனுப்பும் விவசாயியின் குழந்தைக்குக் கிடைத்தால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்!

மலைமேல் ஒரு பொக்கிஷம்

இனி வத்தலக்குண்டுக்கே திரும்பி வருவோம். அந்த ஊருக்கு மேலே மலையில் 1899-ம் வருஷம் முதல் ஒரு சூரிய ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் துரை கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருஷங்களுக்கு மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நிலையத்தை நடத்தும் இந்திய வான் பௌதிக ஸ்தாபனத்தாரே, 2023 செப்டம்பர் 2-ந் தேதி சூரியனை ஆராயப் புறப்பட்ட 'ஆதித்யா-எல்1'-ன் முக்கியக் கருவி ஒன்றையும் செய்தவர்கள்.

வத்தலக்குண்டுப் பள்ளி மாணவன் ஒருவன் அந்தப் படங்களில் ஒரு சூரியப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அது நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்க்கட்டும். சூரியன் நமக்குத் தெரியும்படி ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் 27 நாட்கள் ஆகிறது என்பதை அவனே கண்டுகொள்வான். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கலாகாது. படத்தைப் பார்த்தால் போதும்.

இதற்கும் தனியார் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2022-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 'ஸ்பேஸ்-எக்ஸ்' கம்பெனியார் ஒரே தடவையில் 49 செயற்கைக்கோள்களை விட்டார்கள். சூரியனிலிருந்து வந்த கொந்தளிப்பினால் மேல் காற்று சூடேறித் தடித்தது. அவற்றில் பெரும்பாலானவை கீழே இழுக்கப்பட்டு எரிந்து போயின. உலகத்திலேயே பெரிய ராக்கெட் கம்பெனியும் சூரியனுடைய சுபாவத்தைக் கவனித்தே வியாபாரம் செய்ய வேண்டியிருக்கிறது!

இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. குளிர்பானத் தகர டப்பா அளவுள்ள கருவி ஒன்றைச் செய்து, உயரத்திலிருந்து பாராசூட்டில் இறக்கி, வழியெல்லாம் காற்றின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளக்கும் போட்டிகள் காலேஜ் மாணவர்களுக்கு நடைபெறுகின்றன. வத்தலக்குண்டுப் பிள்ளைகளுக்கு அதற்குப் பாராசூட் தேவையில்லை. பஸ் டிக்கெட் போதும்! அழுத்தம் அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டு கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி, வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் குறித்துக் கொண்டு போகலாம். மலை உச்சியை அடையும்போது அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கடையில் வாங்கிய பிஸ்கோத்துப் பொட்டலம் மலைமேல் உப்பிக் கொள்வது ஏன் என்பதும் அப்போது விளங்கும். காற்று குறையக் குறைய ராக்கெட்டுக்குத் தடை குறைவதும், 76 கிலோ மீட்டர் உயரத்தில் குழந்தைகளின் செயற்கைக்கோள் அகப்பட்டுக் கொண்டதும் இதே கணக்கைச் சேர்ந்தவை.

யார் என்ன செய்யலாம்?

கம்பெனிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ராக்கெட்டில் எஞ்சும் இடத்தில் சிறிதைப் பள்ளிகளுக்கென்று ஒதுக்க வேண்டும். 2024-ம் வருஷக் கடைசியில் சர்க்கார் ராக்கெட்டின் நான்காம் பகுதியே மிதக்கும் ஆராய்ச்சி மேடையாக மாறி 24 கருவிகளைச் சுமந்தது. அவற்றில் 10 கருவிகள் தனியாரும் காலேஜ்களும் செய்தவை. சர்க்கார் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது தனியார் பின்வாங்கலாமா?

உபாத்தியாயர்கள் செய்யக் கூடியது, வாரத்தில் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அளக்கும் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது. ஊர்ப் பெரியவர்களும் வியாபாரிகளும், கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்கைத் தங்கள் ஊர் அரசினர் பள்ளியின் விஞ்ஞானக் கழகத்துக்குக் கொடுக்கலாம். அன்று 25 ரூபாய்ப் பங்கு வாங்கிய மாதிரி இதையும் ஒரு பங்காகவே எழுதிக் கொள்ளலாம். இதற்கு லாபம் பணமாக வராது. ஊர்ப் பிள்ளையாக வரும்.

பெற்றோருக்கு, விசேஷமாகப் பெண் குழந்தைகளின் பெற்றோருக்கு, ஒரு வார்த்தை. ஆதித்யா-எல்1 திட்டத்துக்குத் தலைமை வகித்த நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். "பெண்ணுக்கு எதற்கு இந்த யந்திர விவகாரம்?" என்று அங்கே யாரேனும் கதவைச் சாத்தியிருந்தால், தேசத்துக்கு நஷ்டம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

சுதேசிக் கப்பல் கம்பெனி 1911-ம் வருஷத்தில் கலைந்து போயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சர்க்கார் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. அந்த நாட்களில் சிவத்துக்கு எதிரே ஏகாதிபத்தியம் நின்றது. இன்று வானத்துக்கும் வத்தலக்குண்டுப் பள்ளிக்கும் இடையே எந்த ஏகாதிபத்தியமும் நிற்கவில்லை. நிற்பது நமது அசட்டை ஒன்றுதான். குலசேகரன்பட்டினத்திலிருந்து முதல் ராக்கெட் எழும்பும் நாளில் கடற்கரையில் கூட்டம் கூடிக் கை தட்டும் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கூட்டத்தில், "அதற்குள்ளே இருப்பது நாங்கள் அளந்த கணக்கு" என்று சொல்லக் கூடிய பத்துப் பிள்ளைகள் சிவம் பிறந்த ஊரிலிருந்தும் வந்திருக்க வேண்டும். அதற்கான வேலையை வருகிற பள்ளித் தவணையிலேயே ஆரம்பிக்கலாம்.